அந்த ஸ்டூல்ல ஏன் யாரும் உட்காரல

போன மார்ச் 8க்கு எங்க டிபார்ட்மெண்ட்ல மகளிர் தினம் கொண்டாடுனோம். எல்லாரும் ஊதா கலர்ல ஒரே மாதிரி சேலை கட்டணும்னு முடிவாகி, ஹாஸ்டல்ல இருந்து நாங்க பன்னண்டு பேரு கிளம்பி மதுரையில ஒரு பெரிய ஜவுளிக்கடைக்கு போனோம், மகளிர் தின ஆஃபர் 10 பர்சென்ட்னு வாசல்லயே பெருசா பேனர் வேற. மூணாவது மாடி, சேலை செக்ஷன். கஸ்டமர் உட்கார குஷன் ஸ்டூல் வரிசையா போட்டிருந்தாங்க, நாங்க பாட்டுக்கு உட்கார்ந்துட்டோம். கவுண்டருக்கு அந்தப்பக்கம் ஒரு பொண்ணு, எங்களை விட சின்னவளா தான் இருப்பா, ஆனா நாங்க கூப்பிட்டது என்னவோ "அக்கா". அக்கா அத எடுங்க, அக்கா இதுல பார்டர் இல்லாம இருக்கா, அக்கா பன்னண்டும் ஒரே ஷேட்ல வேணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. கவுண்டர்ல சேலை மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு, அந்த பொண்ணு ஒரு கால்ல நின்னு இன்னொரு கால தூக்கி பின்னாடி ரேக்குல ஊன்றதும், சூப்பர்வைசர் வந்தா சட்டுனு ரெண்டு கால்லயும் நிக்கிறதுமா இருந்தா. நான் அத பாத்தேன். பாக்கலன்னு சொன்னா பொய். பாத்துட்டு திரும்ப ஷேட் மேட்ச் ஆகுதான்னு பாக்க ஆரம்பிச்சிட்டேன், அவ்ளோ தான்.

அன்னைக்கு நைட்டு ஹாஸ்டல்ல உட்கார்ந்து நான் தான் சார்ட் எழுதினேன், கையெழுத்து நல்லாருக்கும்னு எப்பவும் என் தலையில தான் கட்டுவாங்க. உழைக்கும் பெண்கள் ஒற்றுமை ஓங்குக. இத எழுதும்போது கூட எனக்கு அந்த பொண்ணு ஞாபகம் வரல.

ஃபங்ஷன் முடிஞ்சதும் குரூப் போட்டோவ சித்திக்கு வாட்ஸ்அப்ல அனுப்பினேன். சித்தின்னா எங்கம்மா கூடப்பிறந்த கடைசி தங்கச்சி, தென்காசி பக்கம் எங்க ஊர்லயே இருக்காங்க. உடனே போன் வந்துச்சு. அழகா இருக்கன்னு சொல்லப்போறாங்கன்னு நினைச்சேன். "ஏட்டி, பன்னண்டு சேலையும் ஒண்ணுபோல இருக்கே, எத்தன சேலைய பிரிக்க வச்சிய?"

எனக்கு பதிலே வரல. ஏன்னா சித்தி ஆறு வருஷம் சென்னை தி.நகர்ல ஒரு ஜவுளிக்கடையில சேல்ஸ்ல இருந்தவங்க. எங்க ஊர்ப்பக்கம் இது ரொம்ப சகஜம், பத்தாவதோ பன்னண்டாவதோ முடிச்சதும் வீட்டு கஷ்டத்துக்கு பஸ் ஏத்தி விட்ருவாங்க, கடையே சாப்பாடு போட்டு ஹாஸ்டல்ல தங்க வச்சுக்கும். திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி பிள்ளைங்க இல்லன்னா தி.நகர்ல பாதி கடை திறக்காது. நான் சின்ன பிள்ளையா இருக்கும்போது சித்தி தீபாவளி முடிஞ்சு தான் ஊருக்கு வருவாங்க, தீபாவளிக்கு வர மாட்டாங்க, சீசன்ல லீவு கிடையாதுல்ல, வரும்போது எனக்கு பாவாடை சட்டை வரும், அதுல தான் என் கவனம் எல்லாம். சித்தி காலை சுவத்துல தூக்கி வச்சு படுத்திருப்பாங்க. கெண்டைக்கால்ல பச்சை பச்சையா நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கும், நான் அத விரலால அமுக்கி விளையாடுவேன்.

அன்னைக்கு போன்ல தான் முதல்முறையா சித்தி கிட்ட அந்த ஆறு வருஷத்தை கேட்டேன். இத்தனைக்கும் நான் எம்.ஏ. பெண்ணியல் படிக்கிறேன், ரெண்டு செமஸ்டர் முடிஞ்சு போச்சு.

காலைல ஒன்பதரைக்கு ஃப்ளோர்ல ஏறினா நைட்டு பத்து மணி வரைக்கும் நிக்கணும். சாப்பாட்டுக்கு அரை மணி, அதுல மாடி ஏறி இறங்கி வரிசையில நிக்கிறதுக்கே பாதி போயிடும். கஸ்டமர் இல்லாதப்பவும் உட்காரக்கூடாது, சாயக்கூடாது, பக்கத்து கவுண்டர் பிள்ளை கூட பேசக்கூடாது. உட்கார்ந்தத பாத்தா சம்பளத்துல பிடிப்பாங்க. ட்ரையல் ரூம்ல கிடக்கிற துணிய எடுக்குற சாக்குல உள்ள போய் ரெண்டு நிமிஷம் தரையில உட்கார்ந்துட்டு வருவாங்களாம், அதுக்கு பிள்ளைங்க ஆளுக்கு ஒரு முறைன்னு டர்ன் வச்சிருந்தாங்களாம். கீழ் ரேக்குல உள்ள சரக்க கேட்டு ஒரு கஸ்டமர் வந்துட்டா அவ்ளோ சந்தோஷம்னாங்க, குனிஞ்சு குந்தி உட்கார்ந்து தேடலாம், அத எவனும் கேக்க முடியாது. பாத்ரூம் ஆறாவது மாடியில, சூப்பர்வைசர் ஆம்பள, அவர்ட்ட சொல்லிட்டு தான் போகணும், அதுக்கு கூச்சப்பட்டே தண்ணி குடிக்க மாட்டாங்க, வருஷத்துல பாதி நாள் நீர்க்கடுப்பு. "ஒரு ஸ்டூலு போட்டா என்னங்கண்ணாச்சின்னு யாராச்சும் கேட்டீங்களா சித்தி"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "கேட்டா ஊருக்கு டிக்கெட் எடுத்து குடுத்துருவாவ பிள்ள."

இப்ப சித்தி வீட்ல இருந்து பீடி சுத்துறாங்க. சுளவை மடியில வச்சுக்கிட்டு காலைல உட்கார்ந்தா இலை வெட்டி, தூள் வச்சு, சுத்தி, நூல் கட்டி, ராத்திரி வரைக்கும் எந்திரிக்கிறது இல்ல, இடுப்பு போச்சு. "அங்க நின்னே சீரழிஞ்சேன், இங்க உக்காந்தே சீரழியுதேன்"னு ஜோக் மாதிரி சொல்லிட்டு வச்சிட்டாங்க.

அந்த செமஸ்டர்ல எங்க மேடம் ஒரு அசைன்மெண்ட் குடுத்தாங்க. பெண்கள் அடிமட்டத்துல இருந்து தாங்களே கூடி நடத்துன ஒரு போராட்டத்தை எடுத்து, அது உங்களை என்ன பண்ணுச்சுன்னு எழுதணும். அது என்ன சொல்லுச்சுன்னு இல்ல, உங்களை என்ன பண்ணுச்சுன்னு. கிளாஸ்ல பாதி பேர், மரத்த கட்டிப்பிடிச்சு வெட்ட விடாம தடுத்தாங்களே அந்த சிப்கோ போராட்டத்தை எடுத்தாங்க, ரெண்டு பேர் ஆந்திராவுல 90கள்ல நடந்த சாராய எதிர்ப்பு எடுத்தாங்க. நான் சித்தி போன் காலுக்கு அப்புறம் வேற எதையும் எடுக்க முடியாதுன்னு, கோழிக்கோடு பெண்கூட்டு எடுத்தேன்.

பெண்கூட்டு பத்தி தெரியாதவங்களுக்கு. கோழிக்கோட்ல மிட்டாய்த் தெருன்னு ஒரு கடைவீதி இருக்கு, அல்வாவும் துணியும் தான் அங்க பிரதானம். அங்க விஜின்னு ஒரு தையல்காரம்மா, பி.விஜி, பதினாறு வயசுல தையல் வேலைக்கு வந்தவங்க. அந்த தெருக் கடைகள்ல வேலை பாக்குற பொண்ணுங்களுக்கு பாத்ரூம் கிடையாது. மூத்திரம் வந்தா பக்கத்துல ஏதாச்சும் ஹோட்டலுக்கு போகணும், ஹோட்டல்காரர் சும்மா விடுவாரா, அதுக்காக ஒரு டீ வாங்கணும், டீ குடிச்சா மறுபடி வரும். இந்த கொடுமைய பேசப் பேச தான் 2009, 2010 வாக்குல அந்த பொண்ணுங்க ஒண்ணு கூட ஆரம்பிச்சாங்க, அந்த கூட்டத்துக்கு பேரு தான் பெண்கூட்டு. ஆரம்பிச்சது கொள்கை அறிக்கையில இருந்து இல்ல, மூத்திரத்துல இருந்து. எங்க மேடம் முன்னாடி இந்த வார்த்தைய சொல்லவே எனக்கு நாக்கு கூசுச்சு, ப்ரெசண்டேஷன்ல "சுகாதார வசதிகள்"னு போட்டு வச்சிருந்தேன், மேடம் அத அடிச்சிட்டு "அவங்க என்ன வார்த்தை சொன்னாங்களோ அத போடு"ன்னாங்க.

கேரளாவுல யூனியனுக்கு பஞ்சமா? தடுக்கி விழுந்தா யூனியன் ஆபீஸ். ஆனா இந்த பொண்ணுங்களோட பாத்ரூம் பிரச்சனை எந்த பெரிய யூனியன் லிஸ்ட்லயும் மேல வரல, அங்க தலைவர்கள் எல்லாம் ஆம்பளைங்க. அதனால விஜியும் கூட இருந்தவங்களும் எந்த கட்சியையும் சாராம 2014ல அமைப்புசாரா தொழிலாளர்களுக்குன்னு தனியா ஒரு யூனியனே ஆரம்பிச்சாங்க. பாத்ரூம்ல ஆரம்பிச்சது அடுத்து உட்காரும் உரிமைக்கு வந்துச்சு. அதே வருஷம் டிசம்பர் கடைசியில திருச்சூர்ல ஒரு பெரிய சேலைக்கடையில வேலை பாத்த பொண்ணுங்க சில பேரு உரிமை கேட்டதுக்கு தூரமா ட்ரான்ஸ்ஃபர் பண்ணிட்டாங்கன்னு கடை வாசல்ல உட்கார்ந்தாங்க. அந்த ஊர்ல அதுக்கு பேரே "இரிக்கல் சமரம்", அதாவது உட்காரும் போராட்டம். நிக்க வச்சவன் வாசல்லயே போய் உட்கார்றது. நூறு நாளுக்கு மேல உட்கார்ந்தாங்க. விரல் விட்டு எண்ணிடலாம் அத்தனை பேரு தான். எங்க காலேஜ்ல ஒரு தர்ணான்னா லஞ்ச் வரைக்கும் தான் உட்காருவோம், அதுக்கே இன்ஸ்டாவுல ஒன்பது போட்டோ.

2018ல கேரள அரசு சட்டத்தை திருத்துச்சு, கடையில வேலை பாக்குறவங்களுக்கு உட்கார இடம் தரணும்னு. அந்த வருஷம் பிபிசியோட நூறு பெண்கள் லிஸ்ட்ல விஜி பேரு வந்துச்சு. மூணு வருஷம் கழிச்சு, 2021 செப்டம்பர்ல நம்ம தமிழ்நாடு. 1947ஆம் வருஷத்து கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏன்னு ஒரு பிரிவு புதுசா சேர்த்தாங்க, கேரளாவுக்கு அடுத்து ரெண்டாவது மாநிலம் நாம தான். நாள் முழுக்க நிக்க வைக்கிறதால பல விதமான உடம்பு கோளாறு வருதுன்னு மசோதாவோட காரணத்துலயே எழுதியிருந்தாங்க. சந்தோஷம் தான், இல்லன்னு சொல்லல. ஆனா அந்த பிரிவை படிச்சீங்கன்னா, வேலைக்கு நடுவுல உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அத பயன்படுத்திக்கிற மாதிரி இருக்கை வசதி செஞ்சு தரணும்னு அர்த்தம் வரும். வாய்ப்பு கிடைக்கும்போது. அது கிடைச்சிருச்சுன்னு யாரு முடிவு பண்றது? நின்னுட்டு இருக்கிற பிள்ளையா, ரவுண்ட்ஸ் வர்ற சூப்பர்வைசரா? (இங்கிலாந்துல 1899லயே இதுக்கு சட்டம் போட்டுட்டாங்க, மூணு பெண் ஊழியருக்கு ஒரு சீட்டுன்னு கணக்கு. மூணு பேருக்கு ஒண்ணுன்னா மத்த ரெண்டு பேரு அந்த ஒருத்திய எப்படி பாத்திருப்பாங்கன்னு நான் யோசிச்சிட்டே இருப்பேன்.)

சித்தி கிட்ட இந்த சட்டத்தை பத்தி சொன்னேன். அவங்களுக்கு தெரியவே தெரியல. அவங்க வேலைய விட்டு பல வருஷம் ஆச்சு சரி, ஆனா இப்பவும் அதே கடைவீதியில இருக்கிற எங்க தெரு பிள்ளைக்கு போன் போட்டு கேட்டாங்க, அவளுக்கும் தெரியல.

அசைன்மெண்ட்டுக்காக நானும் என் ரூம்மேட்டும் கோழிக்கோடு போனோம், ரெண்டு நாள். விஜிய பாக்கணும்னு எல்லாம் போகல, பாத்தாலும் செல்ஃபி எடுக்குறத தவிர என்ன பண்ணியிருப்போம்னு தெரியல. அந்த தெருவை நடந்து பாக்கணும், அவ்ளோ தான் பிளான். அல்வா வாங்கினோம். அப்புறம் ஒரு சின்ன துணிக்கடையில நைட்டி கேட்டு நுழைஞ்சோம். உள்ள ஒரு அம்மா, ஐம்பது வயசு இருக்கும், பிளாஸ்டிக் ஸ்டூல்ல உட்கார்ந்திருந்தாங்க. நாங்க உள்ள போனோம். அவங்க எந்திரிக்கல. உட்கார்ந்த வாக்குல எங்களை பாத்து "எந்தா வேண்டே"ன்னு கேட்டாங்க.

இத எழுத எனக்கு வெக்கமா தான் இருக்கு, இருந்தாலும் எழுதுறேன். அந்த ஒரு செகண்ட் எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. கஸ்டமர் வந்திருக்கோம், எந்திரிக்காம இருக்காங்களேன்னு. நான், சித்தி காலோட நரம்பை அமுக்கி விளையாடினவ, இந்த தெருவோட கதைய படிச்சிட்டு ட்ரெயின் ஏறி வந்தவ, எனக்கு தான் அப்படி தோணுச்சு. அடுத்த செகண்ட் புரிஞ்சு போச்சு, ஆனா அந்த முதல் செகண்ட் என்னோடது தானே. இருபத்தி ரெண்டு வருஷமா எல்லா கடையிலயும் எனக்காக யாரோ நின்னுட்டே இருந்திருக்காங்க, நான் அத மரியாதைன்னு நினைச்சு பழகியிருக்கேன். நைட்டி எடுத்துக் குடுக்க மட்டும் அவங்க எந்திரிச்சாங்க, எடுத்துக் குடுத்துட்டு மறுபடி உட்கார்ந்துட்டாங்க. அவ்ளோ சாதாரணமா.

ஊருக்கு வந்ததும் சூடு ஆறுறதுக்குள்ள ஏதாச்சும் பண்ணணும்னு கிளாஸ்ல ஆறு பேரு சேந்து ஒரு சர்வே ஃபார்ம் போட்டோம். இருபத்தி நாலு கேள்வி, ரெண்டு பக்கம். உங்க கடையில இருக்கை வசதி இருக்கா, இல்லையா, எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க, இப்படி. சாயங்காலம் கடைகளுக்குள்ள போய் சேல்ஸ்ல நிக்கிற பொண்ணுங்க கிட்ட நீட்டினோம். நீங்களே யோசிங்க, சூப்பர்வைசர் பத்தடி தள்ளி நிக்கிறார், தலைக்கு மேல கேமரா, அந்த பொண்ணு எங்க கேள்விக்கு என்னனு டிக் அடிப்பா? எல்லாரும் "வசதி இருக்கு"ன்னு தான் அடிச்சாங்க. ரெண்டாவது கடையிலயே வெளிய போங்கன்னுட்டாங்க. பஸ் ஸ்டாப்புக்கு போய் நின்னோம், ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற பொண்ணுங்களை பிடிக்கலாம்னு. பத்து மணிக்கு மேல பஸ்ஸுக்கு ஓடுறவங்களை நிறுத்தி ஃபார்ம் ஃபில் பண்ண சொல்றோம், நிக்கிறதை பத்தின ஃபார்மை, நிக்க வச்சு. ஒரு பொண்ணு நின்னு கேட்டா, "அக்கா இத ஃபில் பண்ணா சேர் வருமா?" நாங்க உண்மைய சொன்னோம், இல்ல, இது எங்க ப்ராஜெக்ட்டுக்குன்னு. "அப்ப நாளைக்கு பாக்கலாம்கா"ன்னுட்டு பஸ் ஏறிட்டா. கோவமெல்லாம் இல்ல அவளுக்கு, பஸ்ஸு கிளம்பப் போகுது அவ்ளோ தான்.

விஜி இருபத்தி நாலு கேள்வியோட வந்தவங்க இல்ல, அதே தெருவுல தையல் மெஷின் மிதிச்சவங்க, அதே டீயை குடிச்சவங்க. நாங்க வெளிய இருந்து போய் "உங்க உரிமை"ன்னு சொல்றோம், அவங்களுக்கு உரிமை என்னன்னு தெரியாம இல்ல, சித்திக்கு தெரியாததா, தனியா கேட்டா டிக்கெட் எடுத்துக் குடுப்பாங்கங்கறதும் சேந்தே தெரியும். சேந்து கேக்க ஆளு வேணும். பக்கத்து கவுண்டர் பிள்ளை கூட பேசவே கூடாதுன்னு ரூல் ஏன் வச்சிருக்காங்கன்னு எனக்கு இப்ப தான் உறைச்சுச்சு.

மூணாறையும் இங்க சொல்லணும், ஏன்னா அங்க தேயிலை பறிக்கிறவங்கள்ல நிறைய பேரோட தாத்தா பாட்டி எங்க நெல்லை, சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து மலையேறுனவங்க. 2015 செப்டம்பர்ல போனஸ் 10 சதவீதம் தான்னு சொன்னதும், யூனியன் தலைவருங்க பேச்சை கேக்காம பெண்கள் தாங்களே ரோட்டுல இறங்கி உட்கார்ந்தாங்க, பெம்பிளை ஒருமைன்னு பேரு. எங்க பேர்ல பேச நீங்க வேண்டாம்னு ஆம்பள தலைவருங்களை ஓரமா நிக்க சொல்லிட்டாங்க. ஒன்பது நாள். போனஸும் கருணைத்தொகையுமா சேத்து 20 சதவீதம் வாங்கிட்டு தான் எந்திரிச்சாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்குள்ளயே பிளவு வந்துச்சு, அது தனி சோகக்கதை. ஆனா எனக்கு அதுல பிடிச்சது என்னன்னா, அந்த பெண்கள் லைன் வீடுகள்ல ஒரே சுவத்துக்கு அந்தப்பக்கம் இந்தப்பக்கம் குடியிருக்கிறவங்க, ஒண்ணா மலை ஏறி ஒண்ணா இறங்குறவங்க. அவங்க பேசிக்கிறத எந்த சூப்பர்வைசரும் தடுக்க முடியாது. ஜவுளிக்கடை ஹாஸ்டலும் அப்படித்தானே, ஒரு ரூம்ல பதினாறு பேருன்னு சித்தி சொன்னாங்க, அப்ப ஏன் அங்க நடக்கலன்னு கேட்டேன். "பதினோரு மணிக்கு வந்து விழுந்தா பொணம் மாரி கிடப்போம், பேச்சு எங்கிட்டு"ன்னாங்க.

அசைன்மெண்ட்டுக்கு மேடம் 18/25 போட்டிருந்தாங்க. தியரி குறைவா இருக்குன்னு கீழ எழுதியிருந்தாங்க. சர்வே தோத்த கதைக்கு பக்கத்துல மட்டும் பென்சில்ல ஒரு டிக்.

தீபாவளிக்கு ஊருக்கு போனப்ப சித்தி கூட தென்காசிக்கு துணி எடுக்க போனேன். கூட்டம் இன்னும் ஏறாத மதிய நேரம். சுடிதார் செக்ஷன்ல கவுண்டருக்கு உள்ள ஒரு ஸ்டூல் இருந்துச்சு. நான் தான் முதல்ல பாத்தேன், சித்திய இடிச்சு காட்டுனேன், பாருங்க சட்டம் வந்திருச்சுன்னு. ஆனா ஸ்டூல் மேல அட்டைப்பெட்டி ரெண்டு அடுக்கி, அதுக்கு மேல பில் புக்கு. பக்கத்துல ஒரு பிள்ளை, பதினெட்டு இருக்கும், ரேக்கை ஒட்டி நின்னுட்டு இருந்தா. சித்தி நேரா கேட்டாங்க, "இந்த ஸ்டூலு யாருக்கு பிள்ள?" அவ சுத்தி பாத்துட்டு மெல்லமா, "எங்களுக்கு தான்கா, செக்கிங் வந்தா பெட்டிய எடுத்துருவோம்"னா.

நான் வாய திறந்தேன், பிரிவு 22-ஏன்னு ஆரம்பிக்கிற நினைப்புல. சித்தி என் கைய பிடிச்சு அமுக்கிட்டு, குஷன் ஸ்டூல்ல நல்லா சாஞ்சு உட்கார்ந்தாங்க.

"அந்த கீழ் ரேக்குல என்ன இருக்கு?"

"அது பழைய ஸ்டாக்குக்கா, புதுசு மேல இருக்கு."

"பழசு தான் வேணும். மெரூன் கலர்ல இருக்கான்னு தேடு. அவசரமில்ல, மெதுவா தேடு."

அந்த பிள்ளை குனிஞ்சா, அப்புறம் குந்தி உட்கார்ந்தா, ஒவ்வொண்ணா இழுத்து பாத்தா. சூப்பர்வைசர் ஒரு தடவை எட்டி பாத்துட்டு போனார். மெரூன் இல்லக்கான்னு ஒரு தடவை சொன்னா, சித்தி "அப்ப பச்சை பாரு"ன்னாங்க. மூணாவது கலர் கேக்கும்போது தான் அவ தலைய தூக்கி சித்திய ஒரு மாதிரி பாத்தா, பாத்துட்டு அப்படியே தரையில சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டா. கால் மணி நேரம் இருக்கும்.

கடைசியில நாங்க அங்க ஒண்ணும் எடுக்கல. வெளிய வந்து வேற கடையில ஒரு பாவாடை துணி எடுத்துட்டு பஸ் ஏறினோம், பஸ்ல எங்க ரெண்டு பேருக்கும் உட்கார சீட்டு கிடைக்கல.